மூன்று நாள் விட்டு ஒரு நாள்

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். கடிதம் என்றா சொன்னேன், வாட்ஸப்பில் நாலு வரி. புதிர்ப் பக்கத்தை இனி நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள், என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்ல வேண்டும், அதுவும் "முடிந்தால் சுருக்கமாக, அக்கா." சுருக்கமாகப் பேசத் தெரிந்திருந்தால் நான் இருபத்தாறு வருஷம் பத்திரிகையில் ஏன் குப்பை கொட்டியிருக்கப் போகிறேன்?

புதிர் எப்படிப் போடுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும், உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்னும் நன்றாகவே தெரியும். தப்பாகப் போட்டுவிட்டு, அது சபையில் அம்பலமான பிறகு என்ன செய்வது என்று மட்டும் சொல்கிறேன். அந்த விஷயத்தில் உங்கள் மூன்று பேரையும்விட எனக்கு அனுபவம் அதிகம்.

அதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். திருநெல்வேலிப் பத்திரிகை என்பதற்காக வாரம் தவறாமல் அல்வாவை வைத்துப் புதிர் போடாதீர்கள். "ஒரு கிலோ அல்வாவை மூன்றே வெட்டில் எட்டுத் துண்டாக்குவது எப்படி?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். டவுனில் இருந்து ஒருவர் எழுதினார்: "அம்மா, சூடாக இருந்தால் அது இலையில் வழியும், யாரும் வெட்ட முடியாது. ஆறினால் வாங்க மாட்டோம்." விடையை அச்சடிக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய அடி ஆற்றில் விழுந்தது. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒருவன் அக்கரை கொண்டு போக வேண்டும், படகில் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம் என்ற பழைய புதிர் உங்களுக்குத் தெரியும். நான் சும்மா இருந்திருக்கலாம். நம்மூர் மணம் வீசட்டும் என்று, ஆற்றுக்குத் தாமிரபரணி என்று பெயர் வைத்து, இடத்துக்குக் கல்லிடைக்குறிச்சி என்றும் எழுதிவிட்டேன். அந்த ஊரிலிருந்தே ஒரு போஸ்ட் கார்டு வந்தது. "எங்கள் படித்துறையில் இப்போது முழங்கால் தண்ணீர்தான். மாடே நடந்து போகிறது. இவன் எதற்குப் படகு தேடுகிறான்? தவிர, புலியைக் கயிற்றில் கட்டிக் கூட்டி வருகிறவன் புல்லுக்கட்டைப் பற்றி ஏன் கவலைப்படுகிறான்?" படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததோடு விட்டுவிட்டேன், அதுதான் தப்பு. ஊர்ப் பெயரை எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் கணக்கை மட்டுமல்ல, ஊரையும் சரிபார்ப்பார்கள் என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

எனக்கு முன்னால் பக்கத்தைப் பார்த்துவந்த பெரியவருக்கு அது புரிந்திருந்தது. புதிரை அச்சுக்கு அனுப்பும் முன், பத்திரிகைக் கட்டுகளை வேனில் ஏற்றும் டிரைவரைக் கூப்பிட்டு சத்தமாக வாசித்துக் காட்டுவார். டிரைவருக்கு விடை தெரிகிறதா என்று பார்க்க மாட்டார். கேள்வி என்ன கேட்கிறது என்று அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்வார். "என்னவே புரிஞ்சுது?" என்பார். டிரைவர் வேறு ஏதாவது சொன்னால் புதிர் குப்பைக்கூடைக்குப் போகும். நான் பொறுப்பேற்று இரண்டு வருஷம் இதைச் செய்தேன். அப்புறம் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. கணக்கில் முதுகலை படித்தவள், தமிழும் ஒழுங்காக எழுதுவேன், டிரைவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? நிறுத்திவிட்டேன். பொறுப்பேற்றதிலிருந்து இருபத்து நாலு வருஷம் ஒரு திருத்தம்கூட அச்சில் போட வேண்டி வரவில்லை. அதை வெளியில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

இனி அம்பாசமுத்திரத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, புதிதாக வந்த மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், எல்லாவற்றையும் பக்கக் கணக்கில் பார்ப்பார். "மேடம், எல்லா விடையும் போன்லயே இருக்கு. ஞாயித்துக்கெழமை ஒரு முழுப் பக்கத்தைப் புதிருக்குக் கொடுக்கணுமான்னு மேல கேக்காங்க" என்றார். நான் பேசிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசகர்களை நேரில் கூட்டி ஒரு புதிர்ப் போட்டி வைப்போம். கூட்டம் வந்து, நிகழ்ச்சி கெட்ட பெயர் இல்லாமல் முடிந்தால் பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். அவரும் சம்மதித்தார். இருசக்கர வாகனக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி முதல் பரிசாக ஸ்கூட்டி ஒன்று தருவதாக ஒப்புக்கொண்டார். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி.

கூட்டம் வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. நாற்காலி போதாமல் பந்திப் பாயைத் தூக்கி வந்து விரித்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு வேன் நிறைய வாத்தியார்கள், வயல் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு பெண்கள் கூட்டம். மேலாளர் மேடையின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்குள் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருவர் ஜெபராஜ் சார். பாளையங்கோட்டையில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர், இஸ்திரி கலையாத சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கேள்வியை நான் முடிப்பதற்குள் மணியை அடித்துவிடுவார். "அண்ணன் தம்பிகள் ஏழு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கை..." என்று ஆரம்பித்தேன், "எட்டுப் பிள்ளைகள். ஏழு பேருக்கும் ஒரே தங்கச்சி" என்று முடித்துவிட்டார். கேள்வியின் வாசனையை வைத்தே ரகத்தைச் சொல்லக்கூடிய ஆள்.

இன்னொருவர் செல்லக்கனி. நூல் மில்லில் வேலை பார்ப்பவள், முப்பத்தைந்து வயதிருக்கும். அவசரமே படமாட்டாள். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பாள். பத்தடிக் கிணற்றில் தவளை ஒன்று பகலில் மூன்றடி ஏறுகிறது, இரவில் இரண்டடி சறுக்குகிறது, எந்த நாளில் மேலே வரும் என்று கேட்டபோது மூன்று பேர் பத்தாம் நாள் என்றார்கள். செல்லக்கனி எட்டாம் நாள் என்றாள். எப்படியம்மா என்று கேட்டேன்.

"ஏழு நாள் முடிஞ்சா ஏழடியில இருக்கும்லாக்கா. எட்டாம் நாள் மூணு ஏறுனா வெளிய வந்துரும். வெளிய வந்த பெறவு அது எதுக்குச் சறுக்குது?"

மண்டபம் கைதட்டியது. கூட வந்த மில் பெண்கள் விசிலே அடித்தார்கள். இறுதிச் சுற்றுக்கு முன், வழக்கமாகக் கேட்பதுபோல அவளிடம் கேட்டேன், ஸ்கூட்டி கிடைத்தால் முதலில் எங்கே போவீர்கள் என்று. குற்றாலம் என்று சொல்வாள், சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க போவ? மில்லுக்கும் எங்கம்மை வீட்டுக்குந்தான். எங்கம்மை இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா, அவ வீடு ஊருக்கு அந்தக் கடைசி. காலை ஷிப்டுக்குள்ள நான் ரெண்டு வீட்டு வேலையும் பாத்தாகணும். நடந்தே கால் தேஞ்சு போச்சுக்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜெபராஜ் சாரிடம் ஏற்கெனவே ஒரு பைக் இருக்கிறது. ஆனால் நடுவருக்கு அதெல்லாம் தெரியக் கூடாது. நானும் தெரியாததுபோல இறுதிக் கேள்விச் சீட்டைப் பிரித்தேன்.

அந்தக் கேள்வியை ஒரு ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தேன். அதில் வெவ்வேறு இடைவெளியில் மின்னும் இரண்டு கலங்கரை விளக்கங்கள் இருந்தன. அம்பாசமுத்திரத்தில் யார் கலங்கரை விளக்கத்தைக் கண்டார்கள் என்று, முந்தின நாள் அதைக் குழாய்த் தண்ணீராக மாற்றினேன். ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் குழாயில் முறை வைத்துத்தானே தண்ணீர் வருகிறது? நன்றாகப் பொருந்துகிறது என்று எனக்கு ஒரே பெருமை. மைக்கில் வாசித்தேன்.

"ஒரு தெருவில் மூன்று நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிறது. அடுத்த தெருவில் நான்கு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. இன்று இரண்டு தெருவிலும் தண்ணீர் வந்தது. மறுபடி இரண்டிலும் ஒரே நாளில் தண்ணீர் வர, இன்றிலிருந்து எத்தனை நாள் ஆகும்?"

ஜெபராஜ் சார் மணியை அடித்தார். "பன்னிரண்டு."

என் கையிலிருந்த சீட்டிலும் பன்னிரண்டுதான். மூன்றும் நான்கும், மீச்சிறு பொது மடங்கு பன்னிரண்டு. "சரியான விடை!" என்றேன். பாளையங்கோட்டை வேனில் வந்த வாத்தியார்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கடை அண்ணாச்சி சாவியைச் சாரின் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்பதுபோலக் கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

செல்லக்கனி இடத்தைவிட்டு நகரவில்லை. "அக்கா, கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. இருவதுல்லா வரும்?"

"மூன்று, நான்கு, பன்னிரண்டும்மா" என்றேன். குரலில் எரிச்சல் இருந்தது, மறைக்க மாட்டேன்.

"மூணு நாளைக்கு ஒருக்கன்னா பன்னெண்டு. நீங்க மூணு நாள் விட்டுன்னுல்லா சொன்னீங்க?"

சீட்டைத் திரும்ப ஒரு தடவை வாசித்தேன். ஆனால் நான் யோசிப்பதற்குள் மண்டபம் யோசிக்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் பாயில் இருந்த ஒரு பெரியம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு பக்கம் பன்னிரண்டு என்று சத்தம், மறுபக்கம் இருபது என்று சத்தம். திடீரென்று ஒருவர் எழுந்து, மூன்றாவது வரிசையில் இருந்த காக்கிச் சட்டைக்காரரைக் கையைக் காட்டிக் கூவினார்: "ஏ, நம்ம வால்வு தொறக்க முருகன் இங்கனதானவே இருக்கான்! அவன்ட்ட கேளுங்க! ஏலே முருகா, மூணு நாள் விட்டுன்னா நீ எப்பம்லே தொறப்ப?"

முருகன் பக்கத்து ஊர்க் குடிநீர்த் தொட்டியில் வால்வு திருப்புகிறவர். போட்டி பார்க்க வந்த மனிதர், பாவம், நெளிந்துகொண்டே எழுந்தார். "திங்கக்கெழம தொறந்தேம்னா செவ்வா, புதன், வியாழன் விட்ருவேன். வெள்ளிக்கெழம தொறப்பேன்" என்றார்.

"எங்கலே தொறந்த? போன வெள்ளிக்கெழம காத்துல்லா வந்துச்சு!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. மண்டபம் அதிர்ந்தது. முருகன் சட்டென்று உட்கார்ந்துகொண்டார்.

எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் சிரிக்கவில்லை. திங்களிலிருந்து வெள்ளி நான்கு நாள். அப்படியானால் முதல் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒரு முறை, அடுத்த தெருவுக்கு ஐந்து நாளைக்கு ஒரு முறை. நான்கும் ஐந்தும் இருபது. "விட்டு" என்ற ஒரு சொல்லில் நான் வழுக்கி விழுந்திருந்தேன். ஏன் தெரியுமா? என் வீட்டில் போர் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வரும். குடத்தோடு ஒருநாளும் முறைக்குக் காத்து நின்றதில்லை.

மேலாளர் மேடையேறி என் காதருகில் வந்தார். "மேடம், கேள்வி செல்லாதுன்னு சொல்லிட்டுப் புதுக் கேள்வி ஒண்ணு போட்ருங்க. ரெண்டு பேருக்கும் பொது. யாருக்கும் நஷ்டமில்ல. நம்ம விடை தப்புன்னு மட்டும் மைக்ல சொல்லாதீங்க. மேல வீடியோ போயிட்டிருக்கு. அப்புறம் பக்கத்தை என்னால காப்பாத்த முடியாது."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். புதுக் கேள்வி என்பது காதுக்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் செல்லக்கனி ஏற்கெனவே சரியாகச் சொல்லிவிட்டாள். சரியாகச் சொன்னவளை இன்னொரு தடவை ஜெயித்துக் காட்டு என்று எப்படிக் கேட்பது? தப்பு செய்தது நான். புதுக் கேள்வி போட்டால் என் தப்பில் பாதியை அவள் தலையில் கட்டுகிறேன். அதற்குப் பொது என்று பெயர் வேறு.

முதலில் ஜெபராஜ் சார்தான் பேசினார். கோபமாகத்தான். "மேடம், நீங்க எதிர்பார்த்த விடையத்தான நான் சொன்னேன்? சீட்டுல என்ன எழுதியிருக்கு, வாசிங்க!"

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவர் என் மனதில் இருந்ததைக் கண்டுபிடித்தார். அவள் நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள். பரிசு கேட்ட கேள்விக்கான விடைக்குத்தானே தவிர, என் மனதில் இருந்த விடைக்கு அல்ல.

மைக்கை எடுத்தேன். "சீட்டில் பன்னிரண்டு என்றுதான் எழுதியிருக்கிறேன். அது தப்பு. நான் எழுதிய கேள்விக்கு விடை இருபது. ஜெபராஜ் சார் மேல் ஒரு குறையும் இல்லை, கோளாறு என்னுடையது. இந்தப் பக்கத்தில் இத்தனை வருஷத்தில் நான் ஒத்துக்கொள்ளும் முதல் தப்பு இது, முதல் தப்பாக இருக்காது. பரிசு செல்லக்கனிக்கு."

மேலாளர் போனை இறக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஜெபராஜ் சார் சாவியை மூடிய கையோடு நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மேஜையில் இருந்த தாளில் தேதிகளை எழுதினார். ஒன்று, ஐந்து, ஒன்பது என்று ஒரு வரி. ஒன்று, ஆறு, பதினொன்று என்று இன்னொரு வரி. இரண்டும் இருபத்தொன்றாம் தேதியில் வந்து சேர்ந்தன. பிறகு நேராகச் செல்லக்கனியிடம் போய்ச் சாவியைக் கொடுத்தார். "எங்க வீட்டுல போர் தண்ணிதாம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மண்டபம் தட்டிய கைதட்டலில் பெரியது அவருக்குத்தான்.

மேலாளர் சொன்னபடியே செய்தார், பாதி. அடுத்த மாதம் முழுப் பக்கம் அரைப் பக்கமானது. நீங்கள் மூன்று பேரும் இப்போது உட்கார்ந்து அடித்துக்கொள்ளும் இடம் அதுதான். போன பாதி என்னால் போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அச்சில் முதல் திருத்தத்தையும் அந்த வாரமே போட்டேன். வேன் டிரைவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போட்டேன்.

போட்டி முடிந்து வாசலில் நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். செல்லக்கனிக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. அவளோடு வந்த பெண்கள் அதை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்ற, ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு அடக்க முடியாமல், சாவி கைமாறுவதற்குள் இருபது எப்படி வந்தது, மனக்கணக்கா என்று கேட்டேன்.

"இருவதைப் பெறவுதாங்க்கா எண்ணுனேன்" என்றாள். "சாரு பன்னெண்டுன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பன்னெண்டு எங்க கணக்குல்லா. எங்க தெருவுல ரெண்டு நாள் விட்டு வருது, எங்கம்மை தெருவுல மூணு நாள் விட்டு வருது. பன்னெண்டு நாளைக்கு ஒருக்க ரெண்டும் ஒரே நாள்ல வந்துரும். அன்னைக்கு ரெண்டு வீட்டுக்கும் நானே பிடிச்சுச் சொமக்கணும். அதனால அன்னைக்கு மில்லுக்குப் போவ மாட்டேன், லீவு, சம்பளம் போயிரும். நீங்க கேட்டது மூணும் நாலும். அதுக்கு எப்படி எங்க பன்னெண்டு வரும்?"

நான் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காகப் போட்ட கேள்வி. அவள் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை அந்த விடையை இடுப்பில் வைத்துச் சுமந்துகொண்டிருந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவளுக்கு அதெல்லாம் பொருட்டாகவே இல்லை. ஆட்டோவில் ஏறிவிட்ட ஸ்கூட்டியையே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இதுல கால் வைக்க எடத்துல ஒரு கொடம், பின்னால ஒரு கொடம் கெட்டுனா, ஷிப்டுக்கு முந்தி எத்தன நடை அடிக்கலாம்? அந்த லீவு மிஞ்சுமா?"

உட்கார்ந்து ஒழுங்காகப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் எவ்வளவு தூரம், ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிஷம், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கேள்விச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன்.